உப்பு தின்னும் பருத்தி!

இந்த வாரம் ஒரு சோகக் கதையோட ஆரம்பிக்கிறேன். எங்க ஹாஸ்டல் ரூம் ஜன்னல்ல ஒரு செடி செத்துப்போச்சு.

சிரிக்காதீங்க. என் ரூம்மேட் ஆசை ஆசையா வளர்த்த செடி அது. மெஸ்ஸுக்கு வந்த பீன்ஸ்ல முத்திப்போன ஒண்ணைச் சுட்டுட்டு வந்து, வாட்டர் பாட்டிலைப் பாதியா வெட்டி, மண்ணைப் போட்டு விதைச்சான். முளைச்சது. நாலு இலை விட்டது. 'இன்னும் ஒரே மாசம் மாப்ள, நம்ம ரூம்லயே பொரியல்'னு சவுண்டு வேற. பருத்திக்கு உழுறதுக்கு முன்னாடியே தம்பிக்கு எட்டு முழம்னு எங்க பாட்டி சொல்ற கேஸ் இவன்தான். ரெண்டே வாரத்துல இலை ஓரமெல்லாம் நெருப்பு வெச்ச மாதிரி கருகி, செடி தலையைத் தொங்கப் போட்டுடுச்சு. இதுல கொடுமை என்னன்னா, மண்ணு ஈரமாத்தான் இருந்துச்சு. டெய்லி ரெண்டு வேளை தண்ணி ஊத்தியிருக்கான். தண்ணியில நிக்கிற செடி தாகத்துல சாகுமா பாஸ்?

சந்தேகம் வந்து, பாத்ரூம் குழாய்த் தண்ணியை ஒரு பாட்டில்ல பிடிச்சு லேபுக்குத் தூக்கிட்டுப் போனேன். நான் இன்ஸ்ட்ருமென்டேஷன் பையன். கண்டக்டிவிட்டி மீட்டரைப் பார்த்தா கை சும்மா இருக்காது. தண்ணியில உப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லா கரன்ட் பாயும், அதை அளந்தா உப்பு தெரிஞ்சிடும், அவ்வளவுதான் டெக்னிக். ரீடிங் 3 டெசிசைமன்ஸ் காட்டுச்சு. சோப்பு ஏன் நுரைக்கலைங்கிற மூணு வருஷ மர்மம் அன்னிக்குத்தான் விலகிச்சு. அதைவிட முக்கியமான விஷயம், பாட்டில்ல ஊத்தின தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஒவ்வொரு வேளையும் கொஞ்சம் கொஞ்சமா மண்ணுல சேர்ந்துக்கிட்டே போகும். இந்த வரியை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில மறுபடி வரும்.

செடியைக் கொன்னது உப்புதான்னு கோர்ட்ல சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா, அதுக்காக லைப்ரரியில தேட ஆரம்பிச்சு, பீன்ஸ்ல கிளம்பி, பருத்தியில போய் நின்னுட்டேன். ஏன்னு சொல்றேன்.

அமெரிக்காவுல கலிஃபோர்னியாவில ரிவர்சைடுங்கிற ஊர்ல உப்பு மண்ணை ஆராயறதுக்குன்னே ஒரு அரசாங்க லேப் இருக்கு. அங்கே வேலை பார்த்த மாஸ், ஹாஃப்மன்னு ரெண்டு பேர் 1977-ல ஒரு அட்டவணை வெளியிட்டாங்க. எந்தப் பயிர் எவ்வளவு உப்பு வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல போனா மகசூல் எவ்வளவு விழும்னு ஒரு லிஸ்ட். வெளியானது எந்தப் பத்திரிகையில தெரியுமா? அமெரிக்க சிவில் இன்ஜினீயர்கள் சங்கத்தோட பாசன ஜர்னல்ல! சிவில் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

மண்ணைச் சுத்தமான தண்ணி விட்டுக் குழைச்சு, அதுல இருந்து சாறு எடுத்து, அதோட மின்கடத்துத் திறனை அளக்கணும். பீன்ஸுக்கு லிமிட் 1 டெசிசைமன்ஸ். அதைத் தாண்டினா ஒவ்வொரு டெசிசைமன்ஸுக்கும் மகசூல் 19 சதவீதம் சரியும். நெல்லுக்கு லிமிட் 3, சரிவு 12 சதவீதம். பருத்திக்கு? லிமிட் 7.7. சரிவு வெறும் 5.2 சதவீதம். கால்குலேட்டரை எடுங்க. பருத்தி 'ஆங், இப்பதான் லேசா உறைக்குது'ன்னு சொல்ற அந்த 7.7-ல, நெல்லோட மகசூல் பாதிக்கும் கீழே போயிருக்கும். பீன்ஸ் கணக்குல பூஜ்யம் ஆகி ஒரு யுகம் ஆகியிருக்கும். அட்டவணையில பருத்திக்குப் பக்கத்துல நிக்கிற ஆளுங்க பார்லி, சர்க்கரைக் கிழங்குன்னு ரொம்பக் கொஞ்சம் பேர்தான்.

சரி, அப்படி என்னதான் வித்தை தெரியும் இந்தப் பருத்திக்கு?

உப்பு மண்ணுல செடிக்கு ரெண்டு தலைவலி. முதலாவது தண்ணி. ஊறுகாய் போடறப்போ மாங்காய்த் துண்டுல உப்பைக் கொட்டினா தண்ணி வெளியில வந்துடும் இல்லையா, அதே கதைதான் வேருக்கும். வெளியில உப்பு அதிகமானா வேரால தண்ணியை உள்ளே இழுக்க முடியாது. மண்ணு சொதசொதன்னு இருக்கும், செடிக்கு மட்டும் பாலைவனம். எங்க ஜன்னல் மர்மத்துக்கு விடை இதுதான்.

ரெண்டாவது, ஆள்மாறாட்டம். செல்லுக்குள்ள 50-க்கும் மேற்பட்ட என்சைம்கள் வேலை செய்யறதுக்கு பொட்டாசியம் வேணும். சோடியமும் பார்க்க அதே மாதிரி இருக்கும். அதே சார்ஜ், கிட்டத்தட்ட அதே சைஸ். பொட்டாசியத்துக்காகத் திறந்து வெச்ச கதவுல சோடியம் நைசா நுழைஞ்சு, பொட்டாசியத்தோட சீட்ல உட்கார்ந்துக்கும். வேலை மட்டும் செய்யாது. ப்ராக்ஸி அட்டெண்டன்ஸ்னு வெச்சுக்கோங்களேன். ஆள் வந்த கணக்கு, ஆனா பரீட்சை எழுத ஆள் இல்லை.

நான் என்ன நினைச்சேன்னா, பருத்தி உப்பை உள்ளேயே விடாம வேர்லயே தடுத்துடும், அதான் ரகசியம்னு. தப்பு! அதுவும் கொஞ்சம் பண்ணும்தான். ஆனா பருத்தியோட மெயின் ஐடியா வேற. உள்ளே வர்ற உப்புல பெரும்பகுதியை இலை வரைக்கும் ஏத்திக் கொண்டுபோய், அங்கே பத்திரமா பூட்டி வெச்சிடும்.

பூட்டி வைக்கிற இடத்துக்குப் பேர் வாக்குவோல். பிளஸ் ஒன் பயாலஜியில வரைஞ்சு பாகம் குறிச்சிருப்பீங்க, நடுவுல பெரிய பலூன் மாதிரி ஒண்ணு. வளர்ந்த செடியோட செல்லுல 90 சதவீதம் இடம் வரைக்கும் இந்த பலூன்தான் அடைச்சுக்கிட்டு நிக்கும். அதுல என்சைம் கூட்டம் கம்மி. அங்கே சோடியம் எவ்வளவு இருந்தாலும் யாருக்கும் பிரச்னை இல்லை.

ஆனா, சும்மா 'உள்ளே போ'ன்னா சோடியம் போயிடுமா? இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருது. வாக்குவோலைச் சுத்தியிருக்கிற சவ்வுல புரோட்டான் பம்ப்னு ஒண்ணு இருக்கு. செல்லோட எனர்ஜியைச் செலவழிச்சு ஹைட்ரஜன் அயனிகளை உள்ளே தள்ளிக்கிட்டே இருக்கும். பேட்டரி சார்ஜ் ஏத்தற மாதிரி. உள்ளே நெரிசல் ஆனதும் ஹைட்ரஜன் வெளியில வரத் துடிக்கும் இல்லையா? அதே சவ்வுல என்.எச்.எக்ஸ்.னு ஒரு புரோட்டீன், சுழல் கதவு மாதிரி காத்துக்கிட்டு இருக்கும். ஒரு ஹைட்ரஜன் வெளியில வரணும்னா ஒரு சோடியம் உள்ளே போகணும். அதான் டீல். முதல் தடவை படிச்சப்போ, இதை டிசைன் பண்ணின ஆளுக்கு எத்தனை கிரெடிட் குடுக்கலாம்னு யோசிச்சேன்.

1999-ல டொரண்டோவில எட்வர்டோ புளும்வால்ட் குழு, அரபிடாப்சிஸ்ங்கிற குட்டிச் செடியில இந்தக் கதவோட எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தாங்க. சாதாரணமா செத்துப்போற அளவு உப்புல அது தாக்குப் பிடிச்சது. 2005-ல டெக்சாஸ்ல அந்த ஜீனைப் பருத்தியில வெச்சுப் பார்த்தப்போ, வயல்ல பஞ்சு கூடுதலா கிடைச்சது. ஆக, மேட்டர் கதவுலதான் இருக்குன்னு ஓரளவு உறுதி.

இதுல ஒரு போனஸ் இருக்கு பாருங்க. வாக்குவோல்ல பூட்டின உப்பு சும்மா இருக்காது, மாங்காய்க் கதையைத் திருப்பிப் போடும்! இப்போ உள்ளேயும் உப்பு இருக்கறதால, தண்ணியை உள்ளே இழுக்க முடியுது. அதாவது எந்த எதிரியால தாகம் வந்துச்சோ, அவனையே புடிச்சு வேலைக்கு வெச்சு தண்ணி இறைக்குது. பலூன்ல மட்டும் உப்பு கூடினா செல்லோட மத்த பாகம் வத்திப்போயிடுமே? அதுக்காக அங்கே கிளைசின் பீட்டைன், புரோலின் மாதிரி ஆபத்தில்லாத சரக்கை செடியே தயாரிச்சு நிரப்பிக்கும். உப்புல வளர்ந்த பருத்தியோட இலை தடிச்சுப் போறதும் உண்டு.

எல்லாம் ஓசியில நடக்கலை. பம்ப் ஓடணும், கரன்ட் பில் கட்டணும். பஞ்சு ஆக வேண்டிய சர்க்கரை பம்புக்கு எரிபொருளாகப் போகும். அந்த 5.2 சதவீதத்துல ஒரு பங்கு இந்த பில்தான்.

இந்தத் திறமை எங்கேர்ந்து வந்துச்சுன்னு நோண்டினா இன்னும் சூப்பர் கதை. நம்ம டி-ஷர்ட், ஜீன்ஸுக்கு வர்ற பருத்தியில 90 சதவீதத்துக்கு மேல ஒரே இனம்தான், காசிப்பியம் ஹிர்சூட்டம். இது ரெண்டு பரம்பரை கலந்து 10 லட்சம் முதல் 20 லட்சம் வருஷத்துக்கு முன்னாடி உருவானது. ஒரு தாத்தா அமெரிக்கக் கண்டத்து ஆள். இன்னொரு தாத்தாவோட சொந்தங்கள் எல்லாம் ஆப்பிரிக்கா, ஆசியா பக்கம். நடுவுல இருக்கறது கடல்! விதை மிதந்து வந்திருக்கணும்னுதான் பலரும் நம்பறாங்க. எஸ்.ஜி.ஸ்டீபன்ஸ்னு ஒரு விஞ்ஞானி 1958-ல பருத்தி விதைகளை உப்புத் தண்ணியில ஊறவெச்சுப் பார்த்திருக்கார். சில இனங்களோட விதைகள் அதுக்கப்புறமும் முளைச்சிருக்கு. இன்னிக்கும் ஹவாய் தீவுகள்ல ஒரு காட்டுப் பருத்தி, கலாபகோஸ்ல ஒண்ணு, மெக்ஸிகோவோட யுகடான் கடற்கரையில ஹிர்சூட்டத்தோட காட்டு ரகமேன்னு கடல் ஓரத்துலயே குடித்தனம் பண்ணுது. பீச்சுல பொறந்து வளர்ந்தவனுக்கு உப்பு என்ன புதுசா!

ஆனா இந்த ஹீரோவுக்கும் ஒரு வீக் பாயின்ட் உண்டு. குழந்தைப் பருவம். 7.7-ங்கிறதெல்லாம் நல்லா வேர் பிடிச்ச செடியோட கெத்து. முளைக்கிறப்பவும் நாத்து சின்னதா இருக்கிறப்பவும் பருத்தி உப்புக்கு ரொம்பவே பயப்படும். பலூனே இன்னும் பெருசாகலை, எங்கே பூட்டி வைக்கிறது? விவசாயிக்கு அதான் தலைவலி. வயசான செடி தாங்கிக்கும், ஆனா அந்த வயசு வரைக்கும் அதைக் கொண்டு சேர்க்கணுமே.

இங்கேதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சோதனை வருது. செஞ்சது சீனாவோட ஷான்டாங் மாகாணத்துல இருக்கிற பருத்தி ஆராய்ச்சியாளர்கள். மஞ்சள் ஆறு கடல்ல கலக்கற டெல்டா அங்கேதான் இருக்கு, உப்பு மண்ணுக்குப் பேர் போன ஏரியா. வயல்ல உப்பு எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி இருக்காது, இந்த அடியில அதிகம், அடுத்த அடியில கம்மின்னு இருக்கும். அப்போ ஒரே செடியோட ஒரு பக்க வேர் உப்புலயும் மறு பக்க வேர் நல்ல மண்ணுலயும் இருந்தா என்ன ஆகும்? ஒட்டுக் கட்டி, ஒரே தண்டுக்கு ரெண்டு வேர்த்தொகுதி இருக்கிற பருத்திச் செடிகளை உருவாக்கினாங்க. ஒரு செடிக்கு ரெண்டு பக்கமும் சம அளவு உப்பு. இன்னொண்ணுக்கு ஒரு பக்கம் உப்பே இல்லை, மறு பக்கம் டபுள், லிட்டருக்கு சுமார் 12 கிராம். மொத்தம் கூட்டினா ரெண்டுக்கும் ஒரே உப்புதான்.

ஜெயிச்சது ரெண்டாவது செடி. நல்லா வளர்ந்தது, இலையில சோடியமும் கம்மி. தண்ணியைப் பெரும்பாலும் நல்ல பக்கத்துல இருந்து குடிச்சிருக்கு. இது நமக்கே தோணும். தோணாத விஷயம் ஒண்ணு நடந்தது. உப்பே வைக்காத பக்கத்து வேர்ல சோடியம் இருந்தது! அங்கே யாரும் ஒரு கல் உப்புகூடப் போடலை. எப்படி வந்துச்சு? நல்ல பக்கத்துத் தண்டுல, சாறு கீழே இறங்கற ஃபுளோயம் பாதையை வளையமா உரிச்சு வெட்டிவிட்டுப் பார்த்தாங்க. அந்த வேர்ல சோடியம் சட்டுனு குறைஞ்சுபோச்சு. அப்படின்னா, உப்புப் பக்கத்து வேர்ல ஏறின சோடியம் இலைக்குப் போய், அங்கேர்ந்து ஃபுளோயம் வழியா எதிர்ப் பக்க வேருக்கு இறங்கியிருக்கு. அந்த வேர் அதை மண்ணுல வெளியே தள்ளுது. ஒரு வாசல்ல நுழைஞ்ச விருந்தாளியை மாடி வரைக்கும் கூட்டிட்டுப் போய், காபி குடுத்து, பின்வாசல் வழியா அனுப்பி வைக்கிற கதை. 2012-ல இதை வெளியிட்டாங்க.

இதுக்கு வயல்ல ஒரு எளிமையான உபயோகம் இருக்கு. நிலத்துல மேடும் பள்ளமுமா பார் போட்டா, தண்ணி மேட்டோட உச்சியில இருந்து அதிகமா ஆவியாகும். உப்பு மேட்டுல போய்ச் சேரும், பள்ளத்துல குறையும். அதனால விதையை மேட்டுல போடாம பள்ளத்துல போட்டு, மேல பிளாஸ்டிக் ஷீட்டை மூடிடறாங்க. ஷீட் இருந்தா ஆவியாகறது கம்மி, ஈரமும் சூடும் தங்கும், குழந்தைச் செடி பிழைச்சுக்கும். பெருசானதும் ஒரு பக்க வேர் நல்ல மண்ணுல இருந்தாலே அது சமாளிச்சுக்கும்.

இதுவரைக்கும் பருத்திக்கு விசில் அடிச்சாச்சு. இப்ப ரிவர்ஸ் கியர். நல்லா தாங்கற பயிர் கிடைச்சா மனுஷன் என்ன பண்ணுவான்னு ஒரு ஊரைப் பார்ப்போம்.

உஸ்பெகிஸ்தான். மேப்ல பாருங்க, அமு தர்யா, சிர் தர்யான்னு ரெண்டு ஆறு, ரெண்டும் போய்ச் சேர வேண்டிய இடம் ஆரல் கடல். 1960-ல உலகத்தோட நாலாவது பெரிய ஏரி அது, சுமார் 68,000 சதுர கிலோமீட்டர். சோவியத் ஆட்சி அந்த ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பிவிட்டது. 2007-ல ஏரி பத்துல ஒரு பங்கா சுருங்கிப்போச்சு. துறைமுகமா இருந்த முய்னாக்ல கப்பல்கள் மணல்ல துருப்பிடிச்சு நிக்கற போட்டோவை எங்காவது பார்த்திருப்பீங்க. ஏரி செத்த கதை எல்லாருக்கும் தெரியும். வயலோட கதை அவ்வளவா தெரியாது.

எங்க ஜன்னல் பாட்டில் ஞாபகம் இருக்கா? தண்ணி ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆத்துத் தண்ணியில லிட்டருக்கு ஒரே ஒரு கிராம் உப்புதான்னு வெச்சுக்குவோம், குடிச்சுப் பார்த்தா பெருசா தெரியாது. ஒரு ஹெக்டேருக்கு ஒரு சீசன்ல 10,000 கன மீட்டர் பாய்ச்சினா? 10 டன் உப்பு! ஒரு லாரி லோடு. ஒவ்வொரு வருஷமும். வடிகால் சரியில்லாத இடத்துல பாய்ச்சின தண்ணி அடியில தேங்கி, நிலத்தடி நீர் மட்டம் மேல ஏறும். விளக்குத் திரியில எண்ணெய் ஏர்ற மாதிரி அந்தத் தண்ணி மேலே வந்து ஆவியாகி, பழைய உப்பையும் தரையில விட்டுட்டுப் போகும். அந்த நாட்டோட பாசன நிலத்துல ஏறக்குறைய பாதி ஏதோ ஒரு அளவுக்கு உவர் நிலம். ஆத்தோட கடைக்கோடியில இருக்கிற கரகல்பக்ஸ்தான்ல நிலைமை ரொம்ப மோசம், மேலே உள்ளவங்க வடிச்சுவிட்ட உப்புத் தண்ணியும் சேர்ந்து வரும்.

அதனால அங்கே விதைக்கிறதுக்கு முன்னாடி, குளிர்கால முடிவுல, வயலுக்கு வரப்பு கட்டி ஏரி மாதிரி தண்ணியைத் தேக்கி, உப்பைக் கழுவறாங்க. வேற எதுக்கும் இல்லை, குழந்தைச் செடி பிழைக்கணும்ங்கிறதுக்காக. கழுவின தண்ணி நிலத்தடி மட்டத்தை இன்னும் ஏத்தும். கோடையில உப்பு திரும்ப வரும். அடுத்த வருஷம் மறுபடி கழுவணும். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்குப் புரியும், பாசிட்டிவ் ஃபீட்பேக்.

எனக்கு இங்கேதான் உறுத்துது. அந்த நிலத்துல பீன்ஸோ மக்காச்சோளமோ மட்டும் போட்டிருந்தா, உப்பு ஏற ஆரம்பிச்ச முதல் சில வருஷத்துலயே மகசூல் படுத்து, 'ஏதோ தப்பா போகுது, வடிகாலைச் சரி பண்ணு'ன்னு அலாரம் அடிச்சிருக்கும். பருத்தி அலாரம் அடிக்கலை. 7.7 வரைக்கும் சத்தமே போடாம பஞ்சு குடுத்துச்சு. அது சத்தம் போட்டப்போ, மத்த பயிர் பலதும் சரியா வர முடியாத அளவுக்கு மண்ணு போயாச்சு. தப்பு பருத்தி மேல இல்லை, டார்கெட் குடுத்தவங்க மேல. அந்த டார்கெட்டுக்காகவே அறுவடை நேரத்துல கிளாஸை மூடிட்டு, நம்மளை மாதிரி காலேஜ் பசங்களைப் பருத்தி பறிக்க வயலுக்கு அனுப்பறது அங்கே பல வருஷமா வழக்கமா இருந்துச்சு. 2017 செப்டம்பர்ல மாணவர்களைத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க. கட்டாய வேலை ஒழிஞ்சதுன்னு சொல்லி, உலக கம்பெனிகள் உஸ்பெக் பருத்தியைப் புறக்கணிச்சதை 2022 மார்ச்ல வாபஸ் வாங்கினாங்க.

மண்ணுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. பிப்ரவரி, மார்ச் வந்தா கரகல்பக்ஸ்தான்ல வயல் மறுபடி ஏரியா நிக்கும்.

இதெல்லாம் ரூம்மேட்கிட்ட ஒரு மணி நேரம் விளக்கினேன். பொறுமையா கேட்டுட்டு, 'அப்போ மாப்ள, அந்த பாட்டில்ல பருத்தி விதை போடலாமா?'ங்கறான். போடலாம்தான், ஆனா முதல் ஒரு மாசம் கேன் தண்ணி ஊத்தணும்னு சொல்லியிருக்கேன். கேனுக்கு யார் காசு குடுக்கறதுங்கிற பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருக்கு.